பெரியவர்கள் பொம்மை வைத்து விளையாடலாமா?



உங்கள் வீட்டுக்கு நாற்பத்தைந்து வயது மாமா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காப்பி குடித்து முடித்ததும் அவர் தம் பையைத் திறக்கிறார். வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகளைத் தரையில் கொட்டுகிறார். சப்பணமிட்டு உட்கார்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தத் தொடங்குகிறார். நீங்கள் என்ன நினைப்பீர்கள்? உங்கள் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். பாட்டியோ, "ஏழு கழுதை வயதாகியும் இவனுக்கு விளையாட்டுப் புத்தி போகவில்லையே!" என்பார்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இத்தகைய மாமாக்களும் அத்தைகளும் ஏராளமாக இருக்கிறார்கள். லெகோ என்னும் டென்மார்க் நாட்டு நிறுவனம் செய்யும் பொம்மைக் கட்டைகளை அவர்கள் சேர்க்கிறார்கள், அடுக்குகிறார்கள், சங்கம் வைத்துக் கண்காட்சியும் நடத்துகிறார்கள். 2020 முதல் அந்நிறுவனமே சில பெட்டிகளின்மேல் "18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு" என்று அச்சிட்டு விற்கிறது. பொம்மைப் பெட்டியில் இப்படி ஓர் அறிவிப்பு! காலம் மாறித்தான் போயிற்று.

இது நல்லதா, வீண் வேலையா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் விளையாடலாம், விளையாடவும் வேண்டும். ஆனால் கட்டைகளைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரும் விளையாடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த வேறுபாடு பொம்மைக்கு மட்டும் உரியதன்று. உங்கள் அறிவியல் படிப்புக்கும் அது பொருந்தும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கட்டையின் கதை

டென்மார்க்கில் பில்லுண்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்னும் தச்சர் இருந்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் வீடு கட்டுவோர் குறைந்துபோயினர்; தச்சு வேலை கிடைப்பது அரிதாயிற்று. 1932-இல் அவர் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்னும் பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயரிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் பரவிற்று. 1949-இல் அந்நிறுவனம் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்தது. இந்தக் கருத்து முழுக்க அவர்களுடையதன்று. ஹிலரி ஃபிஷர் பேஜ் என்னும் ஆங்கிலேயர் அதற்கு முன்பே இத்தகைய கட்டைகளைச் செய்து விற்றிருந்தார். அவருடைய வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டே டேனிஷ் கட்டைகள் பிறந்தன.

அந்தப் பழைய கட்டைகளின் மேற்புறத்தில் குமிழ்கள் இருந்தன. உட்புறம் வெறும் கூடு. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்று விழும். ஓலேயின் மகன் கோட்ஃபிரட், கட்டையின் உட்புறத்தில் சிறு குழாய்களை அமைக்கும் முறைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இன்று நாம் காணும் கட்டை அன்று பிறந்தது. அன்றைய கட்டையையும் இன்று ஆலையிலிருந்து வரும் கட்டையையும் ஒன்றோடொன்று பொருத்தலாம். தாத்தாவின் கட்டைமேல் பேரனின் கட்டை உட்காரும்!

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

இயற்பியல் ஆசிரியன் ஆகையால் இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கட்டைகளை அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்கின்றன. இழுத்தால் பிரிகின்றன. பசை இல்லை, ஆணி இல்லை, திருகு இல்லை. பிறகு எது பிடித்துக்கொள்கிறது?

ஒரு குமிழின் விட்டம் 4.8 மி.மீ. அடுத்தடுத்த குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. மேல் கட்டையின் சுவருக்கும் உட்குழாய்க்கும் இடையே குமிழுக்காக விடப்பட்டுள்ள இடம், குமிழின் அளவைவிட ஒரு மயிரிழை குறைவு. ஆகவே குமிழ் நுழையும்போது சுவரும் குழாயும் சற்றே வளைந்து இடம் கொடுக்கின்றன. அவை மீள்தன்மை உடையவை. பழைய நிலைக்குத் திரும்ப முயன்று குமிழை இருபுறமும் நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தால் உராய்வு விசை தோன்றுகிறது. அந்த உராய்வே கட்டையைப் பிடித்து நிறுத்துகிறது.

இடம் இன்னும் சற்று அதிகமாக இருந்தால் பிடிப்பே இராது. குறைவாக இருந்தாலோ, ஐந்து வயதுக் குழந்தையால் பிரிக்க முடியாது. எனவே அச்சுகளின் அளவில் பிழை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருக்கவேண்டியிருக்கிறது. குழந்தையின் கையில் கிடக்கும் பொம்மைக்குள் இத்தனை நுட்பம் ஒளிந்திருக்கிறது.

அதன் வலிமையும் சிறிதன்று. 2012-இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள், நான்கு குமிழ் உள்ள சிறு கட்டைகளை அழுத்தும் பொறியில் வைத்துச் சோதித்தார்கள். சராசரியாக 4,240 நியூட்டன் விசையில்தான் கட்டை தோற்றது. இது சுமார் 430 கிலோகிராம் நிறையின் எடை. ஒரு கட்டையின் நிறை ஏறத்தாழ 1.15 கிராம், உயரம் 9.6 மி.மீ. அப்படியானால் அடியில் உள்ள கட்டை நசுங்காமல் எத்தனை கட்டைகளை அடுக்கலாம்? நீங்களே வகுத்துப் பாருங்கள். சுமார் 3,75,000 கட்டைகள், ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரும். நமது தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான்! உண்மையில் அத்தனை உயரம் ஏறுவதற்கு வெகு முன்பே கோபுரம் வளைந்து சரிந்துவிடும் என்பது வேறு செய்தி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "எத்தனை கட்டைகளை அடுக்கினால் அடிக்கட்டை நசுங்கும்?" என்பது ஒரு சிறுவன் கேட்கக்கூடிய கேள்வி. அதற்கு விடை கண்டவர்கள், சோதனைப் பொறியின் முன் நின்ற பெரியவர்கள்.

ஆறு கட்டைகளின் கணக்கு

இன்னொரு சிறுபிள்ளைக் கேள்வி. எட்டுக் குமிழ் உள்ள கட்டை ஒன்றில் இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு குமிழ்கள். ஒரே நிறமுள்ள இத்தகைய கட்டைகள் இரண்டு இருந்தால், அவற்றை எத்தனை விதமாகப் பொருத்தலாம்?

கட்டை இல்லாமலே இதை எண்ணலாம். வரைபடத் தாளில் இரண்டு கட்டம் அகலமும் நான்கு கட்டம் நீளமும் உள்ள துண்டுகள் இரண்டை வெட்டிக்கொள்ளுங்கள். மேல் துண்டை அடித்துண்டுக்கு இணையாக வைத்தால், ஒரு கட்டமாவது பொருந்தும்படி நீளவாக்கில் 7 இடங்களிலும் அகலவாக்கில் 3 இடங்களிலும் நகர்த்தலாம்; 7 x 3 = 21. குறுக்காக வைத்தால் 5 x 5 = 25. மொத்தம் 46. ஆனால் முழு அமைப்பையும் அரைச்சுற்றுத் திருப்பினால், ஒன்று மற்றொன்றாகவே தோன்றும். 46-இல் இரண்டு மட்டும் திருப்பினாலும் மாறாதவை. மீதி 44-உம் இரண்டிரண்டாக இணைந்து 22 ஆகின்றன. ஆக 22 + 2 = 24 விதங்கள்.

கட்டைகள் ஆறு என்றால்? 1974-இல் லெகோ நிறுவனம் 10,29,81,500 என்று விடை வெளியிட்டது. பல ஆண்டுகள் எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் இந்த எண்ணை ஐயத்தோடு பார்த்தார். நிறுவனம் எண்ணியது ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு மாடி ஏறும் கோபுரங்களை மட்டுமே. ஒரு மாடியில் இரண்டு கட்டை, மூன்று கட்டை அமையும் குட்டையான வடிவங்களை அது விட்டுவிட்டது! ஐலர்ஸ் கணிப்பொறியின் துணையால் எல்லாவற்றையும் எண்ணினார். வந்த விடை 91,51,03,765. ஏறத்தாழ ஒன்பது மடங்கு!

கோபுரங்களின் கணக்கை நீங்களே செய்யலாம். 46-ஐ ஐந்து முறை தன்னால் பெருக்கி, மேலே சொன்னபடி இரட்டிப்புகளை நீக்குங்கள். எனக்கு 10,29,81,504 வருகிறது. நிறுவனம் கடைசி இலக்கத்தை முழு எண்ணாக்கிச் சொன்னது போலும். ஆனால் எத்தனை கட்டைகளுக்கும் பொருந்தும் பொதுச் சூத்திரம் ஒன்றை இன்றுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. பெட்டியில் கிடக்கும் பொம்மை, கணித உலகத்துக்கே ஒரு தீராத கணக்கை வைத்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் பொம்மை

பெரியவர்கள் பொம்மையைக் கையிலெடுத்து அறிவியல் செய்வது புதிதன்று. லெகோ கட்டைக்கு முன்பே 'மெக்கானோ' என்ற பொம்மை இருந்தது. துளையிட்ட இரும்புப் பட்டைகளையும் திருகுகளையும் பற்சக்கரங்களையும் கொண்ட அதை, லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்று வெளியிட்டார். 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீ, ஆர்தர் போர்ட்டர் என்னும் மாணவருடன் சேர்ந்து, மெக்கானோத் துண்டுகளால் ஒரு கணக்கிடும் பொறியை அமைத்தார். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பொறி அது! அமெரிக்காவில் பெரும் பொருட்செலவில் கட்டப்பட்டிருந்த பொறி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த ஹார்ட்ரீ, 'இதைப் பொம்மையால் செய்ய முடியுமா?' என்று முயன்றார். முடிந்தது. அணுக்களின் அமைப்பைப் பற்றிய கணக்குகளையே அந்தப் பொம்மை போட்டுக் காட்டிற்று.

2015-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவன அறிஞர்கள் லெகோ கட்டைகளால் ஒரு தராசு செய்தார்கள். காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் செலுத்தினால் விசை தோன்றும். அந்த விசையால் ஒரு சிறு நிறையின் எடையைச் சமன் செய்யலாம். பிறகு அதே சுருளைக் காந்தப் புலத்தில் அசைத்தால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். இரண்டு அளவீடுகளையும் சேர்த்தால், எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவதும், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதும் சமம். மேல்நிலை வகுப்பில் நீங்கள் படிக்கும் பாடம்தான் இது. இந்தப் பொம்மைத் தராசைக் கொண்டு அவர்கள் பிளாங்க் மாறிலியைச் சுமார் ஒரு சதவீதப் பிழைக்குள் அளந்தார்கள். இதே தத்துவத்தில் இயங்கும் பெரிய தராசுகளின் அளவீடுகளும் துணைநின்றதால்தான், 2019 மே 20 முதல் கிலோகிராமை ஓர் உலோகக் கட்டியால் வரையறுப்பதை விட்டு, பிளாங்க் மாறிலியால் வரையறுக்கிறோம்.

2019-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் நான்கு லெகோ கட்டைகளை அடுக்கி, தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்விக்கும் கருவிக்குள் வைத்தார்கள். அந்தக் கடுங்குளிரில் கட்டைகள் வெப்பத்தை மிக மிகக் குறைவாகவே கடத்தின. கட்டைகள் ஒன்றையொன்று தொடும் இடம் கொஞ்சமே அல்லவா? அந்தத் தொடுவாய்களில் வெப்பம் தடைப்படுகிறது. நுட்பமான கருவிகளுக்கு விலை குறைந்த வெப்பக்காப்பு ஒன்று கிடைக்கும் வாய்ப்பு இதனால் தெரியவந்தது.

இவர்கள் எல்லாரும் பெரியவர்கள். கையில் இருந்தது பொம்மை. ஹார்ட்ரீ கேட்டதும், லங்காஸ்டர்காரர்கள் கேட்டதும் ஒரே கேள்விதான்: "இப்படிச் செய்து பார்த்தால் என்ன ஆகும்?" விடை முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் செய்திருக்கவே மாட்டார்கள்.

பெட்டியின் மேல் உள்ள படம்

இனி நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். பெரியவர்களுக்கென்று இன்று விற்கப்படும் பெட்டிகள் மிகப் பெரியவை. 2017-இல் வந்த சாட்டர்ன்-5 ராக்கெட் மாதிரியில் 1,969 துண்டுகள். மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டை நினைவூட்டவே அந்த எண்ணிக்கை. 2021-இல் வந்த டைட்டானிக் கப்பலில் 9,090 துண்டுகள். 2022-இல் வந்த ஈஃபில் கோபுரத்தில் 10,001 துண்டுகள். உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அதன் விலை நம் ரூபாயில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

பெட்டிக்குள் தடித்த செய்முறைப் புத்தகம் இருக்கும். முதல் பக்கம் பார், இந்தத் துண்டை எடு, இங்கே வை. அடுத்த பக்கம் பார், அந்தத் துண்டை எடு, அங்கே வை. பத்தாயிரத்து ஒரு முறை இப்படிச் செய்தால், பெட்டியின்மேல் அச்சிட்ட படம் மேசைமேல் நிற்கும். நடுவே நீங்கள் முடிவு செய்யவேண்டியது எதுவும் இல்லை. தவறு செய்யலாம், ஆனால் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க இயலாது.

இதிலும் பயன் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். மனம் ஒருமைப்படும், அன்றைய கவலை சற்றே மறக்கும். தேர்ந்த ஒருவர் வளைவை எப்படி அமைத்தார், பாரத்தை எப்படித் தாங்கினார் என்று கை வழியே கற்கலாம். சங்கீதம் படிப்பவர் சரளி வரிசையில்தானே தொடங்குகிறார்? ஆனால் வாழ்நாள் முழுதும் சரளி வரிசையே பாடிக்கொண்டிருப்பவரைப் பாடகர் என்று யாராவது சொல்வார்களா?

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் பெட்டியை வாங்குவார்கள், திறக்கவே மாட்டார்கள். உற்பத்தி நின்ற பெட்டிகளுக்குப் பின்னாளில் விலை ஏறுகிறது. மாஸ்கோவைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர்கள் இருவர் 1987 முதல் 2015 வரை வெளிவந்த பெட்டிகளின் விலைகளை ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்குக் குறைந்தது 11 சதவீதம் ஆதாயம் கிடைத்தது என்று கண்டார்கள். தங்கம் வாங்கிப் பூட்டி வைப்பதுபோல் பொம்மையை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள்! அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் 'நன்றாக விளையாடு' என்று தச்சர் வைத்த பெயருக்கு, பூட்டிய பெட்டிக்குள் என்ன பொருள் இருக்கிறது?

இவர்களுக்கு நடுவே வேறொரு வகையினரும் இருக்கிறார்கள். படத்தின்படி ஒருமுறை கட்டுவார்கள். பிறகு எல்லாவற்றையும் பிரித்துக் குவித்துவிட்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைக் கட்டத் தொடங்குவார்கள். பத்து முறை இடிந்து விழும். பதினோராம் முறை நிற்கும். அந்தச் சாட்டர்ன்-5 ராக்கெட்டே நிறுவனத்தின் அறையில் பிறந்ததன்று. ஆர்வலர்கள் தாமே வடிவமைத்து அனுப்பி, பல்லாயிரவர் ஆதரவு தெரிவித்த பிறகு நிறுவனம் ஏற்றுக்கொண்டது அது. அந்த மாதிரியை முதன்முதலில் கட்டியவர்களுக்குப் பார்த்துச் செய்யப் பெட்டியும் இல்லை, படமும் இல்லை. விளையாடினார்கள் என்று நான் சொல்வது இவர்களைத்தான்.

980 என்னும் விடை

இதைச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை அக்கறை? ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பெருமைப்படும் செய்தியன்று.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை. புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணவேண்டும். சுமார் 980 செ.மீ./வினாடி² என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். ஒரு மாணவி 1086 என்ற விடையோடு வந்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "தவறு, மறுபடி செய்யம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து 979 என்ற விடையோடு வந்தார். மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன்.

மாலையில் வீடு திரும்பும்போது அந்த 1086 என் மனத்தை விட்டுப் போகவில்லை. பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் கணக்கிட்டேன். 1086-ஐ 980-ஆல் வகுத்தால் 1.108. அதன் வர்க்கமூலம் 1.0526. அது 20-ஐ 19-ஆல் வகுத்து வரும் எண்! உடனே புரிந்துவிட்டது. ஊசலை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார். 'சுழியம்' என்று தொடங்கியிருக்க வேண்டும். இருபது அலைவுகள் என்று எழுதியவை உண்மையில் பத்தொன்பது. அவருடைய முதல் அளவீடு நேர்மையானது, கவனமானது. அதில் இருந்த ஒரே பிழை கண்டுபிடிக்கத்தக்க பிழை. கண்டுபிடித்திருந்தால் வாழ்நாளெல்லாம் மறக்காது.

மறுநாள் அவரை அழைத்து இதைச் சொன்னேன். "இரண்டாம் முறை சரியாக எண்ணினாயா?" என்று கேட்டேன். சிறிது நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுச் சொன்னார்: "இல்லை சார். நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன். 980-க்குப் பக்கத்தில் வரவில்லையென்றால் நீங்கள் கையெழுத்துப் போடமாட்டீர்களே!"

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டியின்மேல் படத்தை அச்சிட்டு, அந்தப் படம் வந்தால்தான் கையெழுத்து என்று சொன்னவன் நான். அவர் படத்தைக் கட்டிக் கொடுத்தார். அன்றுமுதல், விடை எதுவானாலும், 'அது ஏன் அப்படி வந்தது?' என்று இரண்டு வரி எழுதினால்தான் கையெழுத்திடுகிறேன்.

ஈஃபில் கோபுரத்தைப் புத்தகம் பார்த்துக் கட்டுவதும், 980-ஐப் புத்தகம் பார்த்து வரவழைப்பதும் ஒரே செயல். முன்னதில் ஒருவருடைய பொழுது மட்டும் போகிறது. பின்னதில் ஒரு மாணவியின் நேர்மையான கண் மூடிக்கொள்கிறது. அறிவியலுக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறு உண்டா?

விலை கொடுக்க வேண்டியதில்லை

"ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பொம்மை வாங்க எங்கள் வீட்டில் முடியுமா?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். முடியாது, வேண்டவும் வேண்டாம்.

1978-இல் அரவிந்த் குப்தா என்னும் இளம் பொறியாளர், லாரி செய்யும் தொழிற்சாலையில் இருந்து ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். இன்று நர்மதாபுரம் எனப்படும் அம்மாவட்டத்தின் கிராமப் பள்ளிகளில் அப்போது ஓர் அறிவியல் கல்வித் திட்டம் நடந்துவந்தது. வாரச் சந்தையில் கிடைத்த பொருள்களை வைத்து விளையாடிப் பார்த்த அவர், தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபால் இணைக்கலாம் என்று கண்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஒருவர் தீக்குச்சி வைத்து விளையாடினார்! நாடெங்கும் எத்தனையோ பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வழிகாட்டிற்று.

நீங்களும் இன்றே செய்து பாருங்கள். தீக்குச்சிகளின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சைக்கிள் கடையில் சிறிது வால்வு டியூப் வாங்கி, ஒன்றரை செ.மீ. நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் வளையும் மூட்டு ஒன்று கிடைக்கும். நான்கு குச்சிகளால் ஒரு சதுரமும், மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணமும் செய்யுங்கள். இரண்டையும் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். சதுரம் சாய்சதுரமாகச் சரியும். முக்கோணம் அசையாமல் நிற்கும்!

ஏன்? மூன்று பக்கங்களின் நீளத்தைக் கொடுத்துவிட்டால் முக்கோணத்துக்கு ஒரே ஒரு வடிவந்தான் உண்டு. நான்கு பக்கங்களின் நீளத்தை மட்டும் கொடுத்தால் சதுரம் எத்தனையோ வடிவம் எடுக்கும். ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்களிலும், வயல் நடுவே நிற்கும் மின்கோபுரங்களிலும், உண்மையான ஈஃபில் கோபுரத்திலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் இதுதான். பத்தாயிரத்து ஒரு துண்டுகளைப் புத்தகம் பார்த்து அடுக்கி முடித்தவர், 'ஏன் முக்கோணம்?' என்று ஒருமுறைகூடக் கேட்காமல் எழுந்துபோகலாம். ஏழு தீக்குச்சிகளோடு விளையாடியவர் ஐந்து நிமிடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்.

அடுத்த கேள்வியை நானே தருகிறேன். அந்தச் சதுரம் சரியாமல் நிற்க, இன்னும் எத்தனை குச்சிகளை எங்கே சேர்க்கவேண்டும்? ஒரு கனசதுரம் சரியாமல் நிற்கவேண்டுமானால்? விடையைச் சொல்லப்போவதில்லை. பெட்டியின்மேல் படம் அச்சிட எனக்கு விருப்பமில்லை.

முடிவாக

பெரியவர்கள் விளையாடலாமா என்று தொடங்கினோம். விளையாடாத பெரியவர்களால் மெக்கானோக் கணக்குப்பொறியும் வந்திராது, கட்டைத் தராசும் வந்திராது, தீக்குச்சிப் பாடமும் வந்திராது. ஆகவே உங்கள் வீட்டு மாமா கட்டைகளோடு உட்கார்ந்தால் சிரிக்காதீர்கள். அருகே போய், "மாமா, படத்தில் இருப்பதைத்தான் கட்டுகிறீர்களா, சொந்தமாக ஏதாவது கட்டப்போகிறீர்களா?" என்று கேளுங்கள். அவருடைய விடையைக் கொண்டே அவர் விளையாடுகிறாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்களையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில், "பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாய், விளையாட்டை மூட்டை கட்டு" என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்வார்கள். படிக்கவேண்டியதைப் படியுங்கள், தேர்வும் எழுதுங்கள். ஆனால் மேசையறையில் கொஞ்சம் தீக்குச்சியும் வால்வு டியூபும் இருக்கட்டும். என்றாவது ஒருநாள் உங்கள் சோதனையில் 980-க்குப் பதில் 1086 வரும். அன்று அழிப்பானைத் தேடாதீர்கள். அந்த எண்ணை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, 'இது ஏன் வந்தது?' என்று உட்கார்ந்து யோசியுங்கள். ஆசிரியர் கையெழுத்துப் போட மறுத்தால், இந்தக் கட்டுரையை அவரிடம் காட்டுங்கள்.